நாள்பட்ட வயிற்றுப்போக்கு: லோபெரமைடா, கொலஸ்டிரமினா?

நான்கு வாரம் தாண்டியும் நிற்காத வயிற்றுப்போக்குக்கு, காரணம் தேடிய பிறகே இந்த இரண்டு மருந்துகளில் எது என்ற கேள்வி. மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவு இருந்தால் இரண்டையும் தொடாமல் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

வேலை: லோபெரமைடு குடலின் அசைவை மட்டுப்படுத்தும்; நீர் உறிஞ்ச நேரம் கிடைக்கும். கொலஸ்டிரமின் பெருங்குடலுக்குள் வழியும் பித்த அமிலத்தை (கொழுப்பு செரிக்க உதவும் கல்லீரல் சுரப்பு) பிடித்துவைக்கும்.

அளவு: லோபெரமைடு 2 மி.கி. மாத்திரை, டாக்டர் மேற்பார்வையிலும் நாளுக்கு 16 மி.கி. தாண்டக் கூடாது, மீறினால் இதயத் துடிப்பு தடுமாறலாம். கொலஸ்டிரமின் 4 கிராம் பொடி, தண்ணீரில் நன்றாகக் கலக்கியே குடிக்க வேண்டும்.

வசதி: இதில் மாத்திரைக்கே வெற்றி. சாப்பாட்டுக்கு அரை மணி முன் போட்டால் போதும், வெளியே கிளம்பும் நாளில் மட்டும்கூடப் போடலாம். பொடியோ மணல்போல் நறநறக்கும். அதைவிடத் தொல்லை, மற்ற மருந்துகளையும் அது பிடித்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எல்லாம் பொடிக்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோதான். பலர் பாதியில் விடுவது இதனால்தான். நீண்டநாள் எடுத்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் குறையலாம்.

பித்தப்பை எடுத்த பிறகு தொடங்கிய போக்குக்குக் கொலஸ்டிரமின். பதற்றத்தோடு ஓட வைக்கும் எரிச்சல் குடல் நோய்க்கு (IBS) லோபெரமைடு. வயிற்றுவலியை மட்டும் அது தீர்க்காது.