எம்.எஸ்.டபிள்யூ. சேர்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது ஃபீல்ட் வொர்க்கைத்தான்

சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை) இரண்டு வருடம் படித்து முடித்திருக்கிறேன். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் கல்லூரிப் பெயரைக் குறிப்பிடவில்லை. வகுப்பு, நூலகம், ஹாஸ்டல் எல்லாம் பரவாயில்லை. நான் சொல்ல வந்தது ஃபீல்ட் வொர்க் பற்றி.

வாரத்தில் இரண்டு நாள் ஏஜென்சியில், அதாவது தொண்டு நிறுவனம், மருத்துவமனை போன்ற இடத்தில், களப்பணி. அங்கே நடந்ததை ரிப்போர்ட்டாக எழுதித் திங்கட்கிழமை காலையில் கொடுத்துவிட வேண்டும். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு நம்மைத் தனியாக உட்கார வைத்து அரை மணி நேரம் பேசுவார். இதை ஐ.சி. (இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ்) என்போம்.

முதல் செமஸ்டரில் எனக்குக் கண்ணகி நகர். நகரத்துக்குள் குடிசைகளில் இருந்தவர்களை 2000-க்குப் பிறகு கொண்டுவந்து குடியமர்த்திய இடம். பள்ளிக்குச் சரியாக வராத ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் வீட்டுக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் அவன் அம்மா இல்லை. 'தாய்க்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் அந்த வரிக்கடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

"அவங்களைப் பார்த்தியாம்மா?"

"இல்லை மேடம்."

"அப்புறம் இதை யார் சொன்னாங்க?"

ஏஜென்சி அக்காவோடு ராத்திரி ஏழரைக்குப் போகச் சொன்னார். அந்த அம்மா அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். மயிலாப்பூரில் நாலு வீட்டு வேலை; முன்பு குடியிருந்த தெருவுக்குப் பக்கத்திலேயே. விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார். தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பது பையன் மட்டும்தான். இரண்டாவது மாடிக்குக் குடம் தூக்கி முடிக்கும்போது மணி பத்தாகிவிடும். லேட்டாகப் போனால் வெளியே நிற்க வேண்டும் என்று போகாமலே இருந்துவிடுவான். வாசலில் பதினோரு குடங்கள் வரிசையாக இருந்தன. மூன்று முறையும் அவற்றைத் தாண்டித்தான் நான் கதவைத் தட்டியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி தண்ணீர் பிடித்து வைக்க ஒப்புக்கொண்டார். தலைமையாசிரியரிடமும் பேசினோம். பையன் வாரத்துக்கு நாலு நாளாவது வர ஆரம்பித்தான்.

இரண்டாம் செமஸ்டரில் ஒரு வாரக் கிராம முகாம். நன்றாகவே நடந்தது.

மூன்றாம் செமஸ்டரில் மருத்துவமனை. இங்கேதான் என் குறை. புதிதாக வந்த ஆசிரியருக்குப் பதினெட்டு மாணவர்கள். ரிப்போர்ட் வெறும் கையெழுத்தோடு திரும்பி வரும். ஐ.சி. மொத்தமே இரண்டு முறைதான் நடந்தது. பாதி நாள் ரெஜிஸ்டர் எழுதுவதிலேயே போனது. அங்கிருந்த மருத்துவ சமூகப் பணியாளர் ஒருவர்தான் காப்பாற்றினார். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதற்கு வி.ஏ.ஓ. சான்று வேண்டும். நோயாளியோடு இருப்பவரை இரண்டு தடவை அலைய விடாமல் எந்தத் தாளை முதலில் வாங்கச் சொல்வது என்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

ஃபீஸ் கட்டுவதற்கு முன் சீனியர்களிடம் பேசுங்கள். ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், ஐ.சி. வாராவாரம் நடக்கிறதா, ரிப்போர்ட் திரும்பி வரும்போது ஓரத்தில் என்ன எழுதியிருக்கும் என்று கேளுங்கள்.