தம்பிக்குப் போடும் ரிஸ்பெர்டால் கான்ஸ்டா ஊசி: இரண்டு வருஷ அனுபவம்

மனநோய்க்குக் கொடுத்த மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிடுவான் தம்பி. தினமும் சண்டை, அழுகை. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. அந்தச் சண்டை ஓய்ந்ததற்கே இந்த மருந்தைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் முதல் மாதம் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். ஊசிதான் போட்டாயிற்றே என்று மாத்திரையை நிறுத்திவிட்டோம். போட்ட இடத்தில் யாரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பத்தாம் நாள் ராத்திரி முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி யாருடனோ பேசிக்கொண்டு நின்றான். ஊசி பலிக்கவில்லை என்றே நினைத்தோம். பிறகு பார்த்த டாக்டரம்மாதான் பொறுமையாக விளக்கினார்.

ஊசி மருந்து பொடியாக வருகிறது. அந்தப் பொடி வெறும் மருந்து இல்லை, நுண்ணிய உருண்டைகள். லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் 75க்கு 25 என்ற கணக்கில் சங்கிலியாகக் கோத்த பாலிமருக்குள் மருந்து அடைபட்டிருக்கிறது. தசைக்குள் போனதும் உடம்பின் நீர் அதில் ஊறி, கண்ணி கண்ணியாக அறுக்கிறது. சோப்புக்கட்டி மாதிரி மேலிருந்து தேய்வதில்லை. உள்ளே எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் அறுபடுகிறது. அப்போது உண்டாகும் அமிலம் உள்ளேயே தங்கி, அந்த வேலையை இன்னும் துரிதமாக்குகிறது. முதல் நாள் வெளியே வருவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. துண்டுகள் நீரில் கரையும் அளவுக்குச் சிறுக்க 3 வாரம் ஆகிறது. அதற்குப் பிறகே உருண்டை இடிந்து மருந்து வெளிவரும். 4 முதல் 6 வாரம் வரை நன்றாகக் கிடைத்து, 7ஆம் வாரத்தோடு அடங்கிவிடும். மிஞ்சும் அமிலங்களை உடம்பே கரியமில வாயுவும் நீருமாக்கிவிடுகிறது. ஆகவே முதல் 3 வாரம் மாத்திரை கட்டாயம். வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வைக்க வேண்டியது ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள். சூடும் ஈரமும் பட்டால் பாலிமர் கெட்டுவிடும். ஒரு மருந்துக்கடையில் சித்திரை வெயிலில் வெறும் காகிதக் கவரில் போட்டு நீட்டினார்கள். வாங்க மாட்டேன் என்று திரும்பிவிட்டேன். இப்போது ஐஸ் பை வைத்த டப்பாவோடுதான் போகிறேன்.

கூடவே வரும் திரவத்தில்தான் கலக்க வேண்டும். சிஸ்டர் பத்து விநாடி பலமாகக் குலுக்கினால் கெட்டிப் பால் போல வரும். சும்மா வைத்தால் அடியில் படிந்துவிடும், மறுபடி குலுக்க வேண்டும்.

விலை எங்களுக்கு அதிகம். தம்பிக்கு எடையும் கூடியிருக்கிறது, சாயங்காலம் நடக்க அழைத்துப் போகிறேன். ஆனால் ராத்திரி தூங்குகிறான். போன மாதம் அவனே காலண்டரில் ஊசித் தேதியை வட்டம் போட்டு வைத்திருந்தான். அடுத்தது வியாழக்கிழமை, இடது பக்கம்.