நாலு வருஷ நேட்டும் ஒரு மில்லிமீட்டர் காவியும்

திருநகர் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார்: "அண்ணே, அந்த நேட் கிட் விலை இறங்கியிருக்கு, வாங்கிரவா?" ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அதே வாரம்தான், அதே பிளாஸ்டிக் கிட்டின் துண்டுகளை ஒட்டிச் செய்து நாலு வருஷமாக வைத்திருந்த என் நேட் போர் விமான பொம்மை, ஃபேன் காற்றில் அலமாரியிலிருந்து விழுந்து, சக்கரக் கால் ஒடிந்து மேசை விளக்குக்கடியில் மல்லாந்து கிடந்தது. அதை அந்தக் கோலத்தில் பார்த்ததும் பழைய கோபமெல்லாம் திரும்ப வந்துவிட்டது.

பெட்டிக்குள் எத்தனை துண்டு, எப்படி ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் வாங்க நினைக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். 72-இல் ஒரு பங்கு அளவு, ஒற்றை இருக்கைப் போர் விமானம், 1965 போர்க்கால இந்திய விமானப்படை அடையாளங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உருவம் அச்சு அசல். இது சின்ன விஷயம் இல்லை. நேட் என்று கேட்டாலே கடையில் பிரிட்டிஷ் பயிற்சி விமானத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பிரிட்டிஷ் வான் சாகசக் குழுவான ரெட் ஆரோஸ் 1979 வரை ஓட்டிய இரட்டை இருக்கை விமானம். அதன் இறக்கை, முனைக்கு முனை 7.32 மீட்டர். போர் விமானத்துக்கு 6.75 மீட்டர்தான். 72-ஆல் வகுத்தால் எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். முன்பு ஒரு பயிற்சி விமானக் கிட்டை வெட்டி, புட்டி பூசி, தேய்தேய் என்று தேய்த்து ஒற்றை இருக்கையாக்கப் பார்த்துக் கைவிட்டவன் நான். இந்தக் கிட்டை ஒட்டி முடித்து வெர்னியர் அளவுகோலை வைத்தபோது 94 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழைதான் குறைவு. அன்று சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் போய் எனக்கு நானே ஒரு ஜிகர்தண்டா வாங்கிக்கொடுத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் டெக்கால் தாளை, அதாவது விமானத்தின் மேல் ஒட்டும் அடையாளங்கள் அச்சடித்த தாளை, பிரித்தேன்.

நம் விமானப்படை வட்டம் தெரிந்ததுதானே. வெளியே காவி, அடுத்து வெள்ளை, நடுவில் பச்சை. இந்த அளவில் காவி வளையம் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். தமிழில் இந்தச் சொல்லே ஒரு வம்பு. கோயில் மதில் பட்டையும் காவிதான், கொடியில் இருப்பதும் காவிதான். இவர்கள் அச்சடித்திருப்பது மதில் காவி. வீட்டில் பார்த்துவிட்டு, "ஏங்க, கோலத்துக்குச் செம்மண் கட்டின மாதிரில்ல இருக்கு" என்றாள். விமானம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நிறம் தெரியும்.

சரி, ஒருவேளை அவர்கள்தான் சரியோ என்று தேட ஆரம்பித்தேன். அதுதான் தப்பு. டில்லிக்குக் கல்யாணத்துக்குப் போனவன் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஓடினேன். நேட் நிற்கிறது. ஆனால் காட்சிக்கு நிற்கிற எந்த விமானமும் எத்தனை கை பெயிண்ட் வாங்கியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? பெங்களூர் எச்ஏஎல் அருங்காட்சியகத்தில் இருப்பது அஜீத்; நேட்டின் தம்பி, நேட் இல்லை. 1965 செப்டம்பர் 3 அன்று பாகிஸ்தானின் பஸ்ரூரில் இறங்கிப் பிடிபட்ட நம் நேட், ஐஇ1083 என்ற எண் கொண்டது, கராச்சியில் இருக்கிறது. அதற்கு நான் எங்கே போவது?

மிச்சம் பழைய போட்டோக்கள். அந்தக் காலத்துக் கலர் பிரிண்ட்டுகளை இருட்டுப் பெட்டியில் வைத்திருந்தாலும் அவற்றில் உள்ள நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடும். படம் முழுக்கச் சிவப்பேறிவிடும். உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பாருங்கள், தாத்தா வேட்டிகூட ரோஜா நிறத்தில் இருக்கும். கம்பெனிக்காரர்கள் அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் நிறம் எடுத்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். அப்படியென்றால் பாதி மன்னிக்கலாம். ஆனால் ஒரே படத்துக்குள் இருக்கும் இரண்டு பொருளை ஒப்பிடலாமே! எனக்குக் கிடைத்த ஒரு படத்தில் விமானத்துக்குப் பக்கத்தில் சிவப்புத் தீயணைப்பு வாளி இருக்கிறது. படம் எவ்வளவு வெளுத்திருந்தாலும் வாளியும் வளையமும் வேறு வேறு நிறம் என்பது தெளிவாகத் தெரிகிறது. டெக்கால் தாளை வைத்துப் பார்த்தால் அது வாளியோடு போய்ச் சேர்கிறது. இதை விளக்கி மூன்று மெயில் போட்டேன். பதில் இல்லை.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஸ்டிக்கர் அடிக்கும் கடையில் சொந்தமாக அச்சடித்துப் பார்த்தேன். பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாது. வெள்ளி உடம்பில் ஒட்டியதும் காவி சேறாகிவிட்டது. கடைசியில் வட்டக் கத்தியால் மாஸ்க் வெட்டி, அடியில் வெள்ளை அடித்து, அதன்மேல் காவி, பிறகு பச்சை என்று ஏர்பிரஷ்ஷில் அடித்தேன். சின்ன பொம்மையில் நிறம் அழுத்தமாகத் தெரியும் என்பதால் காவியில் ஒரு சொட்டு வெள்ளை சேர்த்தேன். ஆறு வட்டத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை.

வரிசை எண்களுக்கு மட்டும் அவர்கள் டெக்காலையே நம்பினேன். இப்போது ஒடிந்த சக்கரக் காலை ஒட்டத் திருப்பியபோதுதான் பார்த்தேன், எண்ணைச் சுற்றிய பிலிம் பழைய செல்லோடேப் மாதிரி மஞ்சளித்திருக்கிறது. மிச்சத் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயிலில் வைத்தால் மஞ்சள் வெளுக்கும் என்பது பழைய வைத்தியம். கத்திரி வெயிலில் மூன்றே நாளில் மஞ்சள் போய்விட்டது. அந்தச் செம்மண் காவி மட்டும் இம்மியும் அசையவில்லை.

கால் ஒடிந்ததற்குக் கிட்டைக் குறை சொல்ல மாட்டேன். நேட்டின் சக்கரக் கால் உடம்பிலிருந்தே குட்டையாக இறங்குவது; பறக்கும்போது அதையே பாதி இறக்கி வேகத்தடையாகவும் வைத்துக்கொள்வார்கள். அந்த நெளிவு சுளிவையெல்லாம் இத்தனை சின்ன பிளாஸ்டிக்கில் கொண்டுவந்திருக்கிறார்கள். குண்டூசித் துண்டை உள்ளே செருகி ஒட்டியாயிற்று, நிற்கிறது.

பைலட் பொம்மையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கண்ணாடிக் கூண்டை மூடிவிடுங்கள்.

தம்பிக்கு இரவு உட்கார்ந்து இவ்வளவும் எழுதி, அடியில் "வாங்காதீங்க" என்று முடித்தேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: "அண்ணே, இருந்த கடைசி ரெண்டு பெட்டியில ஒண்ணு நேத்து மதுரைக்குப் போயிருச்சுன்னு கடைக்காரர் சொல்றாரு. நீங்கதானா?"

நான்தான்.