விரத ஆப்புக்கு மூன்று மாதச் சந்தா கட்டினேன்

குன்னூரில் காலை ஆறு மணிக் குளிரில் பால் டீ குடிக்காமல் இருப்பது என்னவென்று கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. இருந்தேன், மூன்று மாதம், 16:8 கணக்கில், அதாவது 16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு. சர்க்கரை போடாத கட்டஞ்சாயா மட்டும், பகல் 12-க்குச் சாப்பிட ஆரம்பித்து இரவு 8-க்கு வாயை மூடிவிட வேண்டும்.

மணி காட்டுவது, அலாரம் அடிப்பது, எடை குறிப்பது எல்லாம் ஆப் ஒழுங்காகச் செய்கிறது. எரிச்சல் அந்தக் கலர் வட்டத்தில்தான். 12 மணி நேரத்தில் 'கொழுப்பு எரிகிறது' என்கிறது, 16 தொட்டதும் 'ஆட்டோஃபேஜி தொடங்கியது' என்று பட்டாசு வெடிக்கிறது. செல் தன் பழைய பாகங்களை உடைத்து மறுபடி பயன்படுத்தும் வேலை அது. 2016-இல் யோஷினோரி ஒசுமிக்கு நோபல் கிடைத்ததும் அதற்குத்தான், ஆனால் அவர் ஆராய்ந்தது ஈஸ்ட்டில். என் உடம்பில் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பாக்கெட்டில் கிடக்கும் போனுக்கு எப்படித் தெரியும்? கல்லீரலில் சேர்த்துவைத்த சர்க்கரைச் சேமிப்பான கிளைகோஜன் குறையக் குறையத்தான் உடம்பு கொழுப்புப் பக்கம் திரும்பும், முந்தின ராத்திரி பிரியாணியை ஒரு கட்டு கட்டியவனுக்கும் ரெண்டு இட்லியோடு எழுந்தவனுக்கும் அது ஒரே நேரத்திலா நடக்கும்?

நாலு கிலோ குறைந்தது உண்மை. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு வர்க்கியை டீயில் முக்கித் தின்பதும் நின்றதே! சீனாவில் 139 பேரை ஒரு வருஷம் பார்த்த ஆய்வு 2022-இல் வந்தது. எல்லோருக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு, ஒரு பிரிவுக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரைதான் சாப்பாடு. அவர்களுக்குச் சராசரியாக 8 கிலோ, மற்றவர்களுக்கு 6.3 கிலோ குறைந்தது, புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை. 2018-இல் வந்த இன்னொரு ஆய்வில் வெறும் எட்டு ஆண்கள்தான், மதியம் மூன்றுக்குள் சாப்பாட்டை முடித்தார்கள், எடை குறையாமலே இன்சுலின் வேலை செய்வதும் ரத்த அழுத்தமும் சீரானது. ஆப்போ காலைச் சாப்பாட்டைத்தான் வெட்டச் சொல்கிறது, நேரத்தை மாற்றும் இடத்தைத் தேடவே எனக்கு ஒரு வாரம்.

பெரிய கோபம் வேறு. நான் சொல்லி அக்காவும் இதை இறக்கிக்கொண்டார், கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை போடுகிறவர். வயது, உயரம் எல்லாம் கேட்ட ஆப், மாத்திரை உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் குன்னூர் பெட்போர்டில் பஸ்ஸுக்கு நின்றவர் கை நடுங்கி, அந்தக் குளிரிலும் வேர்த்துக்கொட்டி, அப்படியே உட்கார்ந்துவிட்டார், பக்கத்துக் கடையில் சர்க்கரை வாங்கிப் போட்ட பிறகுதான் தெளிந்தார். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள்.

ஐந்துக்கு இரண்டு, அதுவும் அலாரத்துக்காக. சந்தாவை நிறுத்திவிட்டேன், இப்போது ராத்திரி ஏழரைக்கே அடுப்படி விளக்கை அணைத்துவிடுகிறோம்.