பழைய நிலநடுக்கம், புது நிலநடுக்கம்: யுஎஸ்ஜிஎஸ் தேடல் பக்கம் எப்படி?

ஒரு பகுதியில் இப்போது அடிக்கடி நிலம் நடுங்குகிறதே, முன்பும் இப்படித்தானா என்று பார்க்க இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வு அமைப்பான யுஎஸ்ஜிஎஸ் நடத்துகிறது, இலவசம், கணக்குத் தொடங்கச் சொல்லி நச்சரிப்பதும் இல்லை. வரைபடத்தில் ஒரு கட்டம் போட்டு, தேதியும் நிலநடுக்கத்தின் குறைந்தபட்ச அளவும் (மேக்னிடியூட்) கொடுத்தால் பட்டியல் வந்துவிடும், எக்செல் போன்றவற்றில் திறக்கும் சிஎஸ்வி கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு தேடலுக்கு 20,000 பதிவுகள்தான் வரம்பு, கூடினால் காலத்தைப் பிரித்துத் தேடுங்கள்.

நான் ஜப்பானின் வடகிழக்குக் கடலோரத்தை எடுத்து, 1950 முதல் அளவு 4க்கு மேல் உள்ள எல்லாவற்றையும் பத்துப் பத்து ஆண்டாக இறக்கிக் கோடு போட்டால், ஐயோ, ஏறிக்கொண்டே போகிறது! அப்புறம்தான் உறைத்தது. 1960களில் அணுகுண்டுச் சோதனைகளை மோப்பம் பிடிக்க உலகமெங்கும் ஒரே தரத்தில் கருவிகள் வைத்தார்கள், அதற்கு முன் சின்ன அதிர்வுகளில் பாதிக்கு மேல் யார் கணக்கிலும் ஏறவே இல்லை. ஏறியது நடுக்கம் இல்லை, நம் காது. 7க்கு மேல் மட்டும் என்று மாற்றினேன், அந்த ஏறுமுகம் காணோம், சில ஆண்டுகள் கொத்தாக வருகிறது, சில ஆண்டுகள் சும்மா கிடக்கிறது. 2011 மட்டும் பனைமரம் மாதிரி நிற்கும், அது மார்ச் 11 நிலநடுக்கத்தின் பின்னதிர்வுகள், அவற்றைக் கழிக்காமல் சராசரி போடாதீர்கள்.

சரி, பெரியவற்றை மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. கருவிக் கணக்கே நூறு, நூற்றிருபது ஆண்டுதான், அதில் அந்தக் கடலோரத்தில் 9ஐத் தொட்டது 2011 ஒன்றுதான். ஆனால் 869இல் அங்கே ஒரு பெரிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்ததை அரச ஏடு எழுதி வைத்திருக்கிறது, செண்டாய் சமவெளியில் அந்த அலை விட்டுப்போன மணலும் கிடைத்திருக்கிறது. இதற்கு அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் பெரிய நிலநடுக்கங்களின் பட்டியலையும் பக்கத்தில் திறந்து வையுங்கள், அது கி.மு. 2150 வரை போகிறது. எழுதி வைத்த ஊருக்குத்தான் அதிலும் இடம் என்பது வேறு விஷயம்.

சிஎஸ்வியில் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கும், பழைய உள்ளூர்த் தேதியோடு ஒப்பிட்டால் ஒரு நாள் பிசகலாம். எந்த முறையில் அளந்தார்கள் என்றும் தனி நெடுவரிசை இருக்கிறது, அதைப் பார்க்காமல் பழைய 7.2ஐயும் புது 7.2ஐயும் ஒன்றாக எண்ணாதீர்கள். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.