பட்டையை எண்ணாமல் பணம் போடாதீர்கள்: ஃப்ரொன்டோசா வாங்கி ஏமாந்த கதை

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் இருந்துகொண்டு, பெரிய ஆப்பிரிக்க சிக்லிட் வகை மீன் வளர்க்கும் ஆசையில் கீழே இருக்கிற கடைக்கு ஃபோனில் ஆர்டர் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு வழிக்கு வரட்டும்.

நான் ஆசைப்பட்டது ஃப்ரொன்டோசா. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரி மீன். வெளிர் நீல உடம்பில் கறுப்புப் பட்டைகள், வளர்ந்த ஆணுக்கு நெற்றியில் திமில் மாதிரி ஒரு புடைப்பு. 30 சென்டிமீட்டரைத் தாண்டும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 வருடம் கூட இருக்கும். எனக்குப் பிடித்தது அதன் நிதானம்தான். ஏரியின் ஆழத்தில் கூட்டமாக, சும்மா நிற்கும். விடியும் நேரத்தில் சின்ன மீன்கள் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது மெதுவாகப் பக்கத்தில் போய் வாயைத் திறக்கும். அதன் வேட்டையே அவ்வளவுதான். ஆபீஸ் முடிந்து வந்து அப்படி ஒன்றின் முன்னால் உட்கார வேண்டும் என்று இரண்டு வருடக் கனவு.

செப்டம்பரில் ஒரு கடையின் ஸ்டேட்டஸ் கண்ணில் பட்டது. திமில் வைத்த பெரிய ஃப்ரொன்டோசா படம், கீழே "பேபி அவைலபிள்". கூப்பிட்டேன். "ஒரிஜினல் ஃப்ரொன்டோசாங்ணா, பீஸ் 1,200. ஆறா எடுத்தாத்தான் கூட்டமா நிக்கும்ணா" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. கூட்டமாக வளர்க்க வேண்டிய மீன் என்பது உண்மைதான். அந்த ஒரு உண்மையைச் சொன்னதும் ஆளுக்கு விஷயம் தெரியும் என்று நம்பிவிட்டேன். குஞ்சுகளின் வீடியோ கேட்டேன். ஆறு நொடிக்கு ஒன்று வந்தது, கை ஆட்டத்தில் கறுப்பு வெள்ளையாக ஏதோ ஓடியது. 7,200 ரூபாயை ஜிபே செய்தேன். பில் கேட்கவில்லை. அதன் வினை பின்னால் தெரிந்தது.

பார்சல் பஸ்ஸில் வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பஸ் சுமார் 1,500 மீட்டர் ஏறுகிறது. ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பாக்கெட்டுக்குள் இருக்கிற ஆக்சிஜன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விரியும். கீழேயே பாக்கெட்டை விம்மக் கட்டினால் மேலே வரும்போது என்ன ஆகும்? தர்மாகோல் பெட்டியைத் திறந்தபோது இரண்டு பாக்கெட் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. மூன்றாவதில் ரப்பர் பேண்டு நழுவி, தண்ணீர் பாதி வடிந்து, ஒரு குஞ்சு செத்திருந்தது. (பிளாஸ்டிக் தடை இருக்கிற மாவட்டம், கையில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தாலே பிடுங்கிவிடுவார்கள். மீன் பாக்கெட் எப்படியோ தப்பி வந்துவிட்டது.) மலைக்கு அனுப்பும்போது பாக்கெட்டைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டி, இரட்டைப் பையில் போடச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை, அவர்களாகவும் செய்யவில்லை.

செத்து வந்தால் பணம் திருப்பித் தருவோம் என்பது பேச்சு. பெட்டியைப் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தார்கள், எடுத்தேன். "முடிச்சு க்ளியரா தெரியலைங்ணா" என்று பதில். சரி, ஒன்றுதானே என்று விட்டேன்.

அடுத்தது ஹீட்டர். என்னுடையது நான்கடித் தொட்டி, ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 240 லிட்டர். "100 வாட் போதும்ணா, ஆட்டோமேட்டிக்" என்று அதையும் அவர்களே விற்றார்கள். டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கும். 240 லிட்டர் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்க 100 வாட் ஹீட்டருக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் வேண்டும், அதுவும் சூடு துளியும் வெளியே போகாவிட்டால். குளிர்ந்த ஹாலில் நாலு பக்கமும் கண்ணாடி வழியாகச் சூடு போய்க்கொண்டே இருக்கும். தெர்மாமீட்டர் 19-ஐத் தாண்டவே இல்லை. மீன்கள் ஹீட்டரை அணைத்துக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தன. டாங்கனிக்கா மீனுக்கு 24 முதல் 27 வரை வேண்டும். ஃபோன் செய்தால் "ஊட்டில எல்லாரும் இதான்ணா போடறாங்க." நான் இருப்பது குன்னூர் என்று கூட அவருக்கு ஞாபகம் இல்லை.

300 வாட் இரண்டு வாங்கிப் போட்டேன். ஒன்று பழுதானாலும் இன்னொன்று தாங்கும். பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் தர்மாகோல் ஷீட் ஒட்டி, இரவில் மேலே கம்பளி. கரண்ட் பில்லைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தது, அதை இங்கே எழுத முடியாது. இந்த உயரத்தில் தண்ணீரில் கரைகிற ஆக்சிஜனும் கீழே இருப்பதைவிடக் குறைவு, அதிலும் சூடாக்கிய தண்ணீரில் இன்னும் குறைவு. அதனால் ஏர் பம்ப்பை நிறுத்தியதே இல்லை.

அப்புறம் தண்ணீர். எங்கள் குழாய்த் தண்ணீர் மென்மையானது. சோப்புப் போட்டால் நுரை லேசில் போகாது. டாங்கனிக்கா தண்ணீரோ கடினமானது, பிஹெச் 9-ஐ ஒட்டி இருக்கும். ஆகவே தண்ணீரைக் கடினமாக்கக் கோரல் (பவளப்பாறை) சல்லி 20 கிலோ, வாரம் ஒரு முறை சமையல் சோடாவும் உப்புகளும் கலந்து பக்கெட் பக்கெட்டாகத் தயாரித்து மாற்றினேன். நாலு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடவில்லை.

பொங்கலுக்குப் பெரியப்பா வந்தார். பவானிசாகர் பக்கம் பிறந்து, தூண்டிலோடு வளர்ந்தவர். டீயைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங்கண்ணு, ஜிலேபியப் போயி கண்ணாடிப் பொட்டில போட்டு வளத்தீட்டிருக்கற?"

சிரித்தேன். "இது ஆப்பிரிக்கா மீனுங்க பெரியப்பா."

"ஜிலேபியும் அங்கிருந்து வந்ததுதான்றா. அந்த வாயப் பாரு, அந்த முதுகப் பாரு. ஜிலேபியாட்டமேதான் இருக்குது."

அவர் சொன்னது சரி. ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட, 1952-இல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியா. அன்று இரவு டார்ச்சும் ஃபோனுமாக உட்கார்ந்து என் மீன்களின் பட்டைகளை எண்ணினேன். ஃப்ரொன்டோசாவுக்கு ஆறு இருக்கும், அதே ஏரிக்கரையில் கிகோமா என்ற ஊர்ப் பக்கத்து வகைக்கு ஏழு. பட்டைகளுக்கு நடுவே நீலம் கலந்த வெள்ளை தாராளமாகத் தெரியும். என் மீனுக்கு எட்டு. கறுப்புத்தான் அகலம், நடுவில் வெள்ளை என்பது கறுப்புத் துணியில் சாக்பீஸால் இழுத்த கோடு. துடுப்பில் நீலமே இல்லை. அதோடு ஃப்ரொன்டோசா நத்தை மாதிரி வளரும், பெரிதாக மூன்று நான்கு வருடம் எடுக்கும். இவை இரண்டு அங்குலமாக வந்து நாலே மாதத்தில் ஐந்து அங்குலம். சல்லியை வாயால் அள்ளித் தொட்டியின் கண்ணாடி அடித்தளம் தெரியும்வரை குழி பறித்திருந்தன. இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 7,200 கொடுத்தவனுக்குக் கண் தெரியாது போல.

வந்திருந்தது புட்டிகோஃபெரி. வரிக்குதிரைத் திலாப்பியா என்பார்கள். சியரா லியோன், லைபீரியா பக்கத்து ஆற்று மீன். ஆற்று மீனுக்குத்தான் நாலு மாதம் ஞாயிறு தவறாமல் டாங்கனிக்கா தண்ணீர் கலக்கிக் கொடுத்திருக்கிறேன். இதுவும் 30 சென்டிமீட்டருக்கு மேல் போகும், ஆனால் நிதானம் என்பது மருந்துக்கும் கிடையாது. வயது வந்தால் கூட இருப்பதை அடித்தே கொல்லும். நான் விசாரித்த இடத்தில் குஞ்சு 200 ரூபாய். அந்த வாரமே ஒன்று செத்தது, வாலும் பக்கத் துடுப்பும் இல்லாமல். மறு வாரம் இன்னொன்று.

கடைக்குப் படம் அனுப்பினேன். முதல் பதில்: "உங்க மலைத் தண்ணிக்கு பட்டை கூடியிருக்கும்ணா." தண்ணீரைப் பார்த்துப் பட்டை கூடும் மீனை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. விடாமல் கேட்டதும் அண்ணா போய் சார் வந்தது: "நாலு மாசம் கழிச்சு சொன்னா எப்படி சார்? நீங்க மாத்தி வச்சிருக்கலாம்ல சார்." அதன் பிறகு சாரும் இல்லை, ஒற்றை டிக்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கூப்பிட்டேன். பில்லைத்தான் முதலில் கேட்டார்கள். இல்லை. கையில் இருந்தது பணம் போன ஸ்க்ரீன்ஷாட்டும், நல்லவேளையாக அழிக்காமல் விட்ட அந்த "ஒரிஜினல் ஃப்ரொன்டோசாங்ணா" வாய்ஸ் மெசேஜும். அதை வைத்துத்தான் புகார் பதிவாகியிருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வாங்கிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்து அதுதான்.

வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். குஞ்சை ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டு, பக்கவாட்டில் ஒரு நிமிடம் ஆடாமல் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தாய் மீனையும் அதே வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். மீனின் பெயரும் எண்ணிக்கையும் எழுதிய பில் வந்த பிறகு பணம். இதற்கு முகம் சுளிக்கிற கடையில் கப்பி கூட வாங்காதீர்கள். சின்ன வயதிலேயே பளபளவென்று முழு நிறத்தோடு வரும் மலாவி (இன்னொரு ஆப்பிரிக்க ஏரி) மீன்களிடமும் ஒரு கண் இருக்கட்டும். ஹார்மோன் தீனியில் ஏற்றிய நிறம் கொஞ்ச நாளில் வடிந்துவிடும்.

இப்போது மூன்று மிச்சம். தடுப்பு வைத்து ஆளுக்கொரு அறை. பெரியது நான் ஹாலுக்குள் வந்தாலே கண்ணாடியில் வந்து முட்டுகிறது. ஏரியில் விட்டுவிடு என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஜிலேபி புகுந்த குளங்களில் மற்ற மீன்களுக்கு என்ன ஆனது என்று பெரியப்பாவைக் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார், அந்தத் தப்பை நான் செய்ய மாட்டேன். ஆறடித் தொட்டியும் நல்ல ஃபில்டரும் வைத்திருக்கிற யாராவது நீலகிரியில் இருந்தால் இரண்டைச் சும்மாவே தருகிறேன், தொட்டியின் படத்தோடு மெசேஜ் போடுங்கள். ஒரே தொட்டியில் சேர்த்து விடுவதாக இருந்தால் வேண்டாம். பெரியதைத் தருவதாக இல்லை.