மேல்கை பி.பி. மெஷின்: பெருந்தமனி அழற்சி உள்ள வீட்டில் எப்படி உழைக்கிறது?

கும்பகோணத்தில் ஒரு மெடிக்கல் கடையில் வாங்கிய டிஜிட்டல் மெஷின், மேல்கையில் பட்டி சுற்றிப் பார்க்கிற வகை, இரண்டாயிரத்துச் சொச்சம் விலை. அண்ணிக்காக வாங்கினோம். அவருக்குத் தகயாசு நோய்: இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவரும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்துக் குழாய் குறுகிவிடும். நடவு நேரத்தில் கையைத் தூக்கினாலே அசதி, தலை வாரக்கூட முடியவில்லை, லேசான காய்ச்சல், உடம்பு வேறு இளைத்துக்கொண்டே போனது. வேலை அலுப்பு என்றே எல்லோரும் சொன்னார்கள். ஒரு கிளினிக்கில் இடது கையில் மட்டும் பார்த்துவிட்டு பி.பி. நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள், வலது கையில் எகிறிக் கிடந்திருக்கிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, மெஷினுக்கு வருவோம். வலது கையில் காட்டுவது டாக்டர் பார்க்கும் அளவோடு ஒத்துப்போகிறது. இடது கையில் சில நேரம் 'எரர்' வரும், இல்லாவிட்டால் ரொம்பக் குறைந்த எண் வரும். கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தமனி துடிக்கும்போது பட்டிக்குள் உண்டாகும் அதிர்வை வைத்துத்தான் இது கணக்குப் போடுகிறது, கைக்குப் போகும் குழாய் அடைத்திருந்தால் துடிப்பே சன்னமாகிவிடும். அதிகம் காட்டுகிற கையின் எண்ணைத்தான் மாத்திரைக்குக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு கையிலும் அடைப்பு இருந்தால் காலில் பார்ப்பார்களாம். யாருக்கானாலும் இரு கைக்கும் மேல் எண்ணில் 10, 15க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லாப் பெருந்தமனி அழற்சியும் தகயாசு இல்லை. தகயாசு பெரும்பாலும் 40 வயதுக்குள் உள்ள பெண்களுக்கு வருவது, 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தகயாசு இதைப் பதிவு செய்தார். 50 தாண்டியவர்களுக்கு ஜயன்ட் செல் ஆர்டரைட்டிஸ் என்ற இன்னொரு வகைத் தமனி அழற்சி காரணமாகலாம். முதுகெலும்பை இறுக்கும் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், முடக்குவாதம் போன்றவற்றோடும் வரும். கிருமியாலும் வரும்: சிபிலிஸ், காசநோய், சால்மொனெல்லா. கிருமி என்றால் அதற்கான மருந்து, இல்லையென்றால் பெரும்பாலும் ஸ்டீராய்டில் தொடங்குவார்கள். கிருமி இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் தொற்று முற்றிவிடும், அதனால்தான் இரத்தப் பரிசோதனை, இரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோ என்று அலைய வைக்கிறார்கள். அலுத்துக்கொள்ளாமல் எடுத்துவிடுங்கள்.

மெஷினில் குறை என்றால், எந்தக் கையில் பார்த்தது என்று பதிவில் குறிக்க வழியில்லை, நாங்கள் நோட்டில் எழுதி வைக்கிறோம். கூட வரும் பட்டி 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுக் கைக்குத்தான், பருத்த கைக்குப் பெரிய பட்டி தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் எண் கூடக் காட்டும். மணிக்கட்டில் கட்டும் மாடல் இந்த நோய்க்கு வேண்டவே வேண்டாம். அடாப்டரும் தனி விலைதான், ஆனால் மழைக்காலத்தில் கரண்ட் போகிற எங்கள் ஊருக்கு பேட்டரியே போதும்.